யாருடைய சௌகரியம்?

இணையத்தளங்களை அமைக்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



ரயில் டிக்கெட்டிலிருந்து ரேஷன் அட்டை வரையில், கல்லூரி விண்ணப்பத்திலிருந்து முதியோர் ஓய்வூதியம் வரையில், ஒரு குடும்பத்தின் காரியங்களில் பெரும்பகுதி ஏதேனும் ஓர் இணையத்தளத்தின் வழியாகவே நடந்தேற வேண்டும் என்ற நிலைமை இந்நாளில் வந்துவிட்டது. அந்தத் தளங்களை அமைக்கிறவர்கள் நீங்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும், யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, உங்களுக்கு முகமும் பெயரும் தெரியாத லட்சக்கணக்கான மனிதர்களின் அவசரங்களுக்கும் கவலைகளுக்கும் ஒரு வழியை அமைத்துக் கொடுக்கிறீர்கள். அந்தத் தளங்களை நாள்தோறும் பயன்படுத்துகிற ஒருவன் என்ற உரிமையோடும், உங்கள் தொழிலின் நுணுக்கங்களை நெடுங்காலமாக ஆர்வத்துடன் கவனித்து வருகிறவன் என்ற தைரியத்தோடும், ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் உங்களிடம் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

ஒரு தளத்தை எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கட்டுவது என்று நீங்கள் கூடியிருந்து தீர்மானிக்கிற சந்தர்ப்பத்தைப் பற்றியே பேசுகிறேன். எது புதியது, எதைக் கொண்டு எழுதினால் வேலை சீக்கிரம் முடியும், எந்தக் கருவியில் தேர்ச்சியுள்ள ஆட்கள் சுலபமாகக் கிடைப்பார்கள், எதைக் கற்றுக்கொண்டால் அடுத்த உத்தியோகத்துக்கு அனுகூலமாக இருக்கும் என்ற கேள்விகள் அங்கே எழுகின்றன. ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். பிழைப்புக்காக உழைக்கிற எவரும் இவற்றைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் இவை யாவும் கட்டுகிறவருடைய கேள்விகள். ஒரு கருவி உங்களுடைய உழைப்பைக் குறைக்கும்போது அந்த உழைப்பு எப்போதும் இல்லாமற் போய்விடுவதில்லை. பல சமயங்களில் அது இடம் பெயர்ந்து, மறுமுனையில் இருக்கிறவருடைய செல்பேசியின் மீதும், அவர் காசு கொடுத்து ஏற்றிக்கொண்ட டேட்டாவின் மீதும், அவருடைய பொறுமையின் மீதும் ஏறி அமர்ந்துகொள்கிறது. அந்தச் சுமை எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என்னுடைய வேண்டுகோள்.

இது என்னுடைய சொந்த அபிப்பிராயம் மாத்திரம் அன்று. 2007-ஆம் ஆண்டு நவம்பரில், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எச்.டி.எம்.எல். மொழியின் வடிவமைப்புக் கோட்பாடுகளை ஒரு வரைவாக வெளியிட்டது. ஒருவர் தேவையும் மற்றொருவர் தேவையும் மோதிக்கொள்ளும் இடத்தில் யாருக்கு முதலிடம் என்பதற்கு அதில் ஒரு வரிசை சொல்லப்பட்டிருக்கிறது. பயன்படுத்துகிறவர் முதலாவது, பக்கங்களை எழுதுகிறவர் இரண்டாவது, உலாவிகளைச் செய்கிறவர் மூன்றாவது, தரங்களை வகுக்கிறவர் நான்காவது, சித்தாந்தத் தூய்மை எல்லாவற்றுக்கும் கடைசி. தரங்களை வகுப்பதற்கென்றே கூடிய அறிஞர்கள் தங்களுக்கு நான்காவது இடத்தை ஒதுக்கிக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மீது பெருமதிப்பு உண்டாகிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 ஆகஸ்டில், இணையத்தின் கட்டமைப்பைக் கவனிக்கிற குழு 8890 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் அதே கருத்தை இன்னும் விரிவாக வலியுறுத்தியது. அந்த வரிசையில் பக்கங்களை எழுதுகிற உங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்திருக்கிறது. அது கௌரவமான இடம். ஆயினும் இரண்டாம் இடமே.

வரிசையை ஒப்புக்கொள்வது சுலபம். அதன்படி நடப்பதில்தான் ஒரு சூட்சுமமான இடையூறு இருக்கிறது. யாருக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமோ, அவர்களில் மிகவும் சிரமப்படுகிறவர் நம்முடைய கணக்குகளில் வருவதே இல்லை. யூடியூப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஜக்கரையாஸ் என்பவர் 2012-இல் எழுதி வெளியிட்ட அனுபவம் ஒன்று இதை நன்றாக விளக்குகிறது. ஒரு வீடியோவைக் காண்பதற்கான பக்கம் அக்காலத்தில் 1.2 மெகாபைட் அளவுக்குக் கனத்துப் போயிருந்தது. அதை 100 கிலோபைட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் தமக்குத் தாமே ஒரு விரதம் பூண்டு, அவசியமில்லாத ஒவ்வொன்றையும் நீக்கி, முடிவில் 98 கிலோபைட்டாகக் குறைத்து, அதற்கு இறகு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையும் சூட்டி, பயனாளர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத் திறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அளவீடுகளைப் பார்த்தபோது அவருக்குப் பெருந்திகைப்பு உண்டாயிற்று. பக்கம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மெலிந்திருந்தும், அது வந்து சேருவதற்கு ஆகும் சராசரி நேரம் முன்னைவிட அதிகமாகியிருந்தது.

முயற்சியைக் கைவிட்டுவிடலாம் என்று எண்ணும் நிலையில், அளவீடுகளைத் தேசவாரியாகப் பிரித்துப் பார்த்த பிறகே காரணம் விளங்கியது. தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் சைபீரியாவின் ஒதுக்கமான பகுதிகளிலும் இருந்து, அதற்கு முன்பு கணக்கில் சேராத ஒரு ஜனத்திரள் திடீரென்று தளத்துக்கு வந்திருந்தது. மெலிந்த பக்கமே அவர்களுக்கு வந்து சேர இரண்டு நிமிஷங்களுக்கு மேல் ஆயிற்று. பழைய பக்கமாக இருந்தால் இருபது நிமிஷங்களுக்கு மேல் ஆகியிருக்கும். இருபது நிமிஷம் யார் காத்திருப்பார்கள்? ஆகையால் அவர்கள் அதுவரை வந்ததே இல்லை. வராததால் சராசரியில் அவர்களுடைய சிரமம் சேரவும் இல்லை. வேகமான இணைப்பு உள்ளவர்கள் மாத்திரமே நிறைந்திருந்த பழைய சராசரி அழகாகக் காட்சியளித்தது. நம்முடைய பயனாளர்கள் எல்லோரும் நல்ல செல்பேசி வைத்திருக்கிறார்கள், எங்கள் புள்ளிவிவரங்களே அப்படிச் சொல்கின்றன என்று உங்கள் கூட்டத்தில் யாரேனும் வாதிக்கும்போது, தயவுசெய்து இந்த வரலாற்றை ஞாபகப்படுத்துங்கள். அந்தப் புள்ளிவிவரம் உள்ளே நுழைய முடிந்தவர்களைப் பற்றியது. வாயிலிலேயே திரும்பிப் போனவர்களைப் பற்றி அது ஒன்றும் அறியாது.

இனி, கருவிகளின் சுபாவத்தைச் சற்றுப் பார்ப்போம். இணையம் நமக்குத் தந்திருக்கும் மூன்று அடிப்படைச் சாதனங்களில், பக்கத்தின் பொருளைச் சொல்லுகிற எச்.டி.எம்.எல்.-உம், தோற்றத்தைச் சொல்லுகிற சி.எஸ்.எஸ்.-உம் மிகுந்த பொறுமையுள்ளவை. தமக்குப் புரியாத ஒரு சொல்லைக் கண்டால் அதைத் தாண்டிச் சென்று மற்றவற்றைச் செய்து முடித்துவிடும்படியாக அவை வகுக்கப்பட்டிருக்கின்றன; பத்தாண்டுப் பழமையான உலாவியிலும்கூட ஒரு பக்கத்தின் உள்ளடக்கம் வாசிக்கும்படியாகக் கிடைப்பது இந்தக் குணத்தால்தான். மூன்றாவதாகிய ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதில் ஓரிடத்தில் கவனிக்கப்படாத பிழை நேர்ந்தால் அதற்கு மேற்பட்ட வேலை அங்கேயே நின்றுவிடும். மேலும், ஒரு படம் வந்து சேர்ந்தால் அதை விரித்துக் காட்டிவிட்டால் போதும். அதே அளவுள்ள ஜாவாஸ்கிரிப்டோ வந்து சேர்ந்த பிறகு வாசிக்கப்பட்டு, இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டு, ஓட்டப்பட வேண்டும். அவ்வளவு வேலையையும் செய்வது உங்கள் சர்வர் அன்று. ஏழாயிரம் ரூபாய்ச் செல்பேசியின் சிறிய பிராசசர். கையில் போன் சுடுகிறது, பேட்டரி இறங்குகிறது, விரலால் தொட்டால் திரை அசைவதில்லை. பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டே வரைந்து காட்டுகிற முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, பொறுமை மிகுந்த இரண்டு சாதனங்களையும் பொறுமையற்ற மூன்றாவதன் தயவில் விட்டுவிடுகிறோம்.

ஜாவாஸ்கிரிப்டை யார் நிறுத்திவைக்கிறார்கள், அது பழங்காலக் கவலை அல்லவா என்று கேட்பீர்கள். 2013-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மின்னணுச் சேவைப் பிரிவு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளைக் கொண்டு இதை நேர்முகமாகச் சோதித்துப் பார்த்தது. வந்தவர்களில் 1.1 சதவீதத்தினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அவர்களிலும் வேண்டுமென்றே நிறுத்தியோ, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத உலாவியை வைத்துக்கொண்டோ இருந்தவர்கள் 0.2 சதவீதத்தினர் மாத்திரமே, மீதி 0.9 சதவீதத்தினருக்கு அது கிடைத்திருக்க வேண்டும், ஆனால் கிடைக்கவில்லை. சுரங்கப் பாதையில் நுழைந்த ரயில், பாதியில் அறுந்த இணைப்பு, அலுவலகத்துத் தடுப்புச் சுவர், உலாவியில் சேர்த்துக்கொண்ட ஏதோ ஓர் இணைப்புக் கருவி என்று அதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். இது எப்போதும் குறிப்பிட்ட சிலருக்கே நேர்கிற ஊனம் அன்று; இன்றைக்கு எனக்கு நேர்வது நாளைக்கு உங்களுக்கு நேரலாம். நூற்றில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். பத்து லட்சம் மாணவர்கள் ஒரே காலையில் மதிப்பெண் பார்க்க வருகிற தளத்தில் அது பதினோராயிரம் வீடுகளின் பதற்றம்.

எண்களை விட்டு, நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். சிற்றூர் ஒன்றில், விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிற ஒரு கணினி மையத்தில், தம்முடைய முதியோர் ஓய்வூதியத்துக்காக ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விண்ணப்பத்தில் பிறந்த தேதியைக் கேட்கிற இடம் வந்தது. அங்கே எண்ணைத் தட்டச்சு செய்ய இடமில்லை. தொட்டவுடன் அழகிய சிறு நாட்காட்டி ஒன்று விரிந்து, அன்றைய மாதத்தைக் காட்டியது. பின்னால் போக ஓர் அம்புக்குறி; ஓர் அழுத்தத்துக்கு ஒரு மாதம். அந்த அம்மாள் பிறந்தது 1956-இல். மையத்துப் பிள்ளை, "இருங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே அழுத்திக்கொண்டு போனான். வருஷத்துக்குப் பன்னிரண்டு அழுத்தம். எழுபதுகளைத் தாண்டும்போது விரல் தவறி வேறொரு தேதியின் மேல் பட, நாட்காட்டி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடியும் அன்றைய மாதம். இதற்கிடையில் செல்பேசிக்கு வந்திருந்த ஓ.டி.பி.-யின் காலம் முடிந்துபோய், பக்கம் முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. அந்த அம்மாள் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. "என் தேதியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, தம்பி" என்றார்கள். தொழில்நுட்பத்தின் குறையைத் தங்களுடைய குறையாக ஏற்றுக்கொண்டு வெட்கப்படுகிறவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்!

பிறந்த தேதி ஒருவர் மனப்பாடமாக அறிந்த விஷயம். அதைப் பெற்றுக்கொள்ள நாள், மாதம், வருஷம் என்று மூன்று சாதாரணக் கட்டங்கள் போதும். பிரிட்டிஷ் அரசாங்கத் தளங்களின் வடிவமைப்பு நெறியும் அப்படித்தான் சொல்லுகிறது. அந்த நாட்காட்டி, ஹோட்டல் அறையை முன்பதிவு செய்வது போன்ற காரியத்துக்காக யாரோ செய்துவைத்த ஆயத்தப் பொருள். ஒரு வரியில் இணைத்துவிடலாம் என்ற சௌகரியம் அதை ஓய்வூதிய விண்ணப்பத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எடுத்துப் போட்டவருக்குப் பத்து நிமிஷம் மிச்சமாயிருக்கும். அதன் விலையை அந்த மையத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் பொழுதைக் கொண்டு கொடுத்தார்கள்.

இதே கதைதான் பொத்தான்களுக்கும். உலாவி தானாகவே தருகிற பட்டன் உறுப்பைப் பயன்படுத்தினால், அது விசைப்பலகையில் டேப் விசைக்கு வந்து நிற்கும். என்டர் விசைக்கும் இடைவெளி விசைக்கும் பணியும். பார்வையற்றவருடைய திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று பெயர் சொல்லி அறிவிக்கும். அதை விட்டுவிட்டு வெறும் பெட்டி ஒன்றுக்கு வர்ணம் பூசிப் பொத்தான்போல் ஆக்கினால், கண்ணும் சுட்டியும் உள்ளவருக்கு வித்தியாசம் தெரியாது. மற்றவருக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் சேர்ந்து உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானைத் தமிழிலும் பேசவைக்கலாம். ஆனால் பக்கத்தின் மொழி தமிழ் என்று நீங்கள் முதல் வரியில் அறிவித்திருந்தால்தான், தமிழுக்குரிய குரலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு நிச்சயமாகத் தெரியும். ஆயத்த வார்ப்புகள் பலவற்றில் அந்த இடத்தில் ஆங்கிலம் என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே முழுவதும் தமிழ். வாசலில் ஆங்கிலம் என்ற பலகை. இரண்டே எழுத்துகளை மாற்றினால் தீர்ந்துவிடுகிற இந்தக் குறையை, அரசு அலுவலகம், தனியார் நிறுவனம் என்ற பேதமில்லாமல் எங்கும் காண்கிறேன்.

இப்படிப்பட்ட கவனக்குறைவு வெறும் அசௌகரியத்தோடு நின்றுவிடுவதில்லை. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி இந்தியாவின் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை நீங்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும், பார்வையிழந்த ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்கு முதலியவற்றுக்கு ஆளை அடையாளம் காணும் மின்னணு முறை, எதிரில் இருப்பவர் உயிருள்ள மனிதர்தாமா என்று நிச்சயிப்பதற்காகக் கண்ணை இமைக்கச் சொல்லிற்று. அமிலத்தால் இமைகள் எரிந்துபோன ஒரு பெண் எப்படி இமைப்பாள்? முகத்தைத் திரையின் வட்டத்துக்குள் வைக்கச் சொல்லிற்று. வட்டத்தைக் காண முடியாதவர் எப்படி வைப்பார்? அந்த முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். மோசடியைத் தடுக்க நினைத்த நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். தேர்ந்தெடுத்த வேளையில் இமைக்க முடியாதவர் ஒருவர் அவர்கள் நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். மின்னணுச் சேவைகளை அடைகிற உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு காக்கிற உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்று நீதிமன்றம் அறிவித்து, இருபது கட்டளைகளையும் பிறப்பித்தது. நீங்கள் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் காரியம் சாசனம் வரையில் போய்த் தொடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தமிழர்களாகிய நமக்கு இந்த விஷயத்தில் சொந்தமான சரித்திரமே உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தமிழ்ப் பத்திரிகைகள் இணையத்தில் தோன்றத் தொடங்கியபோது, ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துருவையும் குறியேற்றத்தையும் வைத்துக்கொண்டிருந்தது. அச்சகத்துக் கணினியில் இருந்ததை அப்படியே ஏற்றிவிடுவது வெளியிடுகிறவருக்குச் சௌகரியம். வாசகனோ ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரையில் அர்த்தமற்ற ரோமானிய எழுத்துக் குவியல்தான் தெரியும். ஒரு பத்தியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினால் அங்கேயும் அதே குவியல். தேடுபொறிக்கு அது தமிழே அன்று. அக்காலத்து நிலைமையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டபோதிலும், விண்டோஸ் 2000 வருவதற்கு முன்பு சாதாரண வீட்டுக் கணினி அதைச் சரியாகக் காட்டுவதற்கு வழியில்லை. 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி, விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தமிழக அரசு ஒரு பொதுத்தரத்தைக் காண முயன்றதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே. ஆனால் வழி பிறந்த பிறகும் பல ஆண்டுகள் பழைய முறையிலேயே நின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளையும் கதைகளையும் இன்று தேடுகிறவருக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. இதற்கு மாறாக, 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்த சங்க நூல்களும் சமய நூல்களும், காலத்துக்கேற்ற பொதுக் குறியேற்றங்களுக்கு மாற்றப்பட்டு, பின்னர் யூனிகோடுக்கும் வந்து, எளிய பக்கங்களாக இன்றும் யாருக்கும் எந்தச் செல்பேசியிலும் திறக்கின்றன. அலங்காரம் அதிகமில்லை; வேண்டிய நூல் உடனே கைக்கு வருகிறது.

அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது என்றாலும், தமிழ் வாசகரை இரண்டாம் பட்சமாக எண்ணும் பழக்கம் வேறு ரூபங்களில் தொடர்கிறது. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு அளந்து செய்த பொத்தானுக்குள் 'சமர்ப்பிக்கவும்' அடங்காமல் பாதியில் வெட்டுண்டு நிற்கிறது. ஆங்கிலத்துக்கென்று குறுக்கி வைத்த வரி உயரத்தில் மேல்வரி எழுத்தின் வாலும் கீழ்வரி எழுத்தின் மேல்விலங்கும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எழுத்துரு வந்து சேரும் வரையில் எழுத்தையே காட்டாமல் வெற்றிடம் விடும்படி அமைத்த பக்கங்களில், மெதுவான இணைப்பு உள்ளவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்பேசியிலேயே இருக்கிற தமிழ் எழுத்துருவை முதலில் காட்டிவிட்டு, அழகிய எழுத்துரு வந்த பிறகு மாற்றிக்கொள்ளும்படி சி.எஸ்.எஸ்.-இல் ஒரே வரியில் சொல்லிவிடலாம். பெயர் கேட்கும் படிவங்களோ பெரும் சோதனை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டையும் கட்டாயமாகக் கேட்டு, தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டால் ஓர் எழுத்து போதாது என்று தள்ளிவிடுகிறது அந்தக் கட்டம். குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளாத ஒரு சமுதாயத்துக்காக, அந்தச் சமுதாயத்திலேயே பிறந்த பொறியாளர் அமைத்த படிவம் இது என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. முழுப்பெயர் என்று ஒரே கட்டம் வைத்தால் யாருக்கு நஷ்டம்?

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் அறியாதவன் அல்லன். ரியாக்ட் தெரியுமா என்றுதான் நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் தமக்குப் போட்டியாக உள்ள தளத்தில் கண்டதையே தமக்கும் வேண்டுமென்கிறார். கொடுத்த கெடுவோ குறுகியது. எங்கள் வேலை சுலபமானால் திருத்தங்கள் விரைவில் வரும், அது பயனாளருக்கும் நன்மைதானே என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் அந்த நன்மை பயனாளரைச் சென்று சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது உண்மையாகும். ரியாக்ட், ஃபேஸ்புக் நிறுவனம் தன்னுடைய தேவைக்காகச் செய்து 2013-இல் வெளியிட்ட கருவி; திரையில் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் பகுதிகளை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் அது கெட்டிக்காரக் கருவிதான். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்புப் பக்கத்தில் ஓயாமல் மாறுவது எது? அந்தக் கருவியில் தேர்ந்தவர்களே இதை உணர்ந்து நடந்திருக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தார் 2017-இல், உறுப்பினராகாதவர் காணும் முதற்பக்கத்தில் ரியாக்டைச் சர்வரிலேயே நிறுத்திக்கொண்டு, பயனாளருக்கு அனுப்புவதை விட்டுவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் 200 கிலோபைட்டுக்கு மேல் குறைந்து, பக்கம் தொடுதலுக்குத் தயாராகிற நேரம் ஏறத்தாழப் பாதியாயிற்று. பிரிட்டிஷ் அரசாங்கத் தளமும் 2022-இல் ஜேக்வெரி நூலகத்தை நீக்கிவிட்டபோது, மெதுவான இணைப்பும் பழைய கருவியும் உள்ளவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்ததாகத் தெரிய வந்தது. ஆகவே, கருவியை வெறுத்து ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அதன் பாரத்தை நீங்கள் சுமக்கக்கூடிய இடத்தில் நீங்களே சுமந்துகொள்ளுங்கள் என்கிறேன். உங்களிடம் சர்வர் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவரிடம் இருப்பது ஒரு செல்பேசியும் அன்றைய டேட்டாவும்.

எளிமையைத் தேர்ந்தெடுத்தால் தொழிலில் பின்தங்கிவிடுவோம் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1991-இல் உலகுக்குத் திறந்துவைத்த முதல் தளத்தின் பக்கங்கள் இன்றைய உலாவியிலும் திறக்கின்றன, செல்பேசியின் சிறு திரையிலும் வாசிக்க வருகின்றன. ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்த ஃபிளாஷ், 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்து, அதைக் கொண்டே கட்டிய தளங்களையும் விளையாட்டுகளையும் பாடங்களையும் தன்னோடு கொண்டுபோயிற்று. அந்தப் பாடங்களைச் செய்த ஆசிரியர்களின் உழைப்பை நினைத்துப் பாருங்கள். இந்த மடலின் எழுத்து முழுவதையும் யூனிகோடின் யு.டி.எஃப்.-8 வடிவில் சேமித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகிறது என்றபோதிலும், மொத்தம் 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். செய்தி சொல்லுவதற்கு உண்மையில் வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொன்றுக்கும் வாசகரிடம் காட்டத்தக்க ஒரு காரணம் நம்மிடம் இருக்க வேண்டும்.

ஆகையால், அடுத்த தளத்துக்கான கருவிகளை முடிவு செய்வதற்கு முன்பு சில சோதனைகளை உங்கள் கையாலேயே செய்து பார்க்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலுவலகத்தின் வேகமான வைஃபையை விட்டு வெளியே வந்து, கடையில் கிடைப்பவற்றில் மிகவும் மலிவான செல்பேசி ஒன்றில், பஸ்ஸில் போகும்போது உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, குறைந்தபட்சம் முகவரியும் தொலைபேசி எண்ணும் கட்டண விவரமும் வாசிக்கக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையை மாத்திரம் கொண்டு ஒரு விண்ணப்பத்தை முடித்துப் பாருங்கள். திரையை அணைத்துவிட்டு, என்.வி.டி.ஏ. வாசிப்பதைக் காதால் மட்டும் கேட்டு அதையே மறுபடி முயன்று பாருங்கள். உங்கள் பாட்டியாரின் பிறந்த தேதியை உள்ளிட்டுப் பாருங்கள். நிரப்பிக்கொண்டிருக்கும்போது இணைப்பைத் துண்டித்து, மீண்டும் இணைத்து, எழுதியவை பத்திரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பயனாளரை முன்னிட்டு ஒரு கருவியை வேண்டாமென்று தள்ளினால், அதற்கான காரணத்தை இரண்டு வரி எழுதி, உங்களுக்குப் பின்னால் அந்த வேலைக்கு வரப்போகிறவர் காணும்படி வைத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அவர் நல்லெண்ணத்தோடு அதையே மறுபடி கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கருவிகளைத் தேர்ந்தெடுக்கிற அந்தக் கூட்டத்துக்கு, தளத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களில் இரண்டு மூன்று பேரையாவது அழையுங்கள். பார்வையற்ற ஒரு கல்லூரி மாணவர், பிறருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தே ஜீவனம் செய்கிற ஒரு மையத்துப் பிள்ளை, ஆங்கிலம் அறியாத ஒரு தாயார். முன்மாதிரியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, குறுக்கே பேசாமல், எங்கே தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஆலோசகர்களுக்குக் கொடுக்கிறதைப் போல அவர்களுக்கும் உரிய ஊதியத்தைக் கணக்கில் எழுதிக் கொடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் தளங்களைப் பயன்படுத்துகிற ஒருவன்